மகள் ஒன்பதாம் வகுப்பு: வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு இப்போதே என்ன செய்யலாம்?

கேள்வி: மகள் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில், மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். பிளஸ் டூ முடித்ததும் வெளிநாட்டில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்படுகிறாள். ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். இப்போதே சேர்ந்தால்தான் உண்டு என்று சொல்லி, நான்கு வருடத் திட்டத்துக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். உண்மையிலேயே இவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான், ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. விண்ணப்பம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பார்க்கும் எஸ்ஏடி தேர்வு, விண்ணப்பக் கட்டுரை இவற்றையெல்லாம் பிளஸ் ஒன் பாதியில் கையில் எடுத்தால் போதும். கடைசி வருடத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத சில விஷயங்கள் இருக்கின்றன. வாசித்துப் பழகிய மனம், பிள்ளையை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர், அவளே விரும்பிச் செய்துவந்த ஏதாவது ஒரு வேலை, குழப்பமில்லாத சான்றிதழ்கள், பணத்தைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசி எடுத்த முடிவு. ஒன்பதாம் வகுப்பில் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான்.

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எந்த நாடு என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது, ஆனால் பல வீடுகளில் அந்தப் பேச்சு கடைசியில்தான் வருகிறது. அமெரிக்காவில் ஹார்வர்ட் மாதிரியான தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய எழுபது லட்சம். நான்கு வருடப் படிப்பு. இதைக் கேட்டதும் 'நமக்கு இல்லை' என்று எழுந்துவிட வேண்டாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் தேர்வு செய்கின்றன. தேர்வான பிறகு குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிட்டு, கட்ட முடியாத தொகை முழுவதையும் அவர்களே ஏற்கிறார்கள். டார்ட்மத், பௌடின் இரண்டும் 2022-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. வருடம் சில லட்சம் சம்பாதிக்கும் குடும்பத்துப் பிள்ளை அங்கே கிட்டத்தட்ட செலவே இல்லாமல் படிக்கலாம். ஆனால் இங்கெல்லாம் விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

மற்ற பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை கேட்பதே தேர்வைப் பாதிக்கும். ஸ்டான்ஃபோர்டும் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் அப்படித்தான். அங்கே விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காமல் சேர்ந்துவிட்டால், படிப்பு முடியும்வரை பிறகு கேட்கவும் முடியாது. 'முதலில் இடம் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பு இங்கே பலிக்காது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்குப் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை. இந்திய மாணவர்களுக்கு என்றே இருக்கும் உதவிகளும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாடா உதவித்தொகை இந்தியக் குடிமக்களுக்கானது, இளங்கலைக்கே கிடைக்கிறது. கென்டக்கியில் பெரியா என்ற சிறிய கல்லூரியில் யாரிடமும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை.

பிரிட்டனில் படிப்பு பெரும்பாலும் மூன்று வருடம்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலும்கூட வெளிநாட்டு இளங்கலை மாணவருக்கான உதவி மிகக் குறைவு. சிங்கப்பூரில் அரசின் கட்டண மானியத்தை வாங்கிக்கொண்டால் படிப்பு முடிந்து மூன்று வருடம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். என் கணிப்பில் அது நியாயமான ஒப்பந்தம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் வயது பதினெட்டு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மனி பற்றித்தான் நம் ஊரில் அதிகக் குழப்பம். கட்டணம் இல்லை என்பது பெரும்பாலும் உண்மை, முழு உண்மை இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்காக, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஒரு வருடச் செலவான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும், இந்தத் தொகை அவ்வப்போது உயரும். பணத்தை விட முக்கியமான இன்னொன்று உண்டு: நம் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து அங்கே நேரடியாக இளங்கலையில் சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பில் ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கே போய் 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஓராண்டு ஆயத்த வகுப்பில் படித்துத் தேர்வு எழுத வேண்டும். இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆகவே ஜெர்மனி உண்மையிலேயே உங்கள் எண்ணத்தில் இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் தொடங்கத் தகுந்தது ஜெர்மன் மொழிதான். வாரத்தில் சில மணி நேரம் படித்தாலே பிளஸ் டூ முடியும்போது நல்ல நிலைக்கு வந்துவிடுவாள். சென்னையில் இருக்கும் கதே நிறுவனம் இணையவழியிலும் வகுப்பு நடத்துகிறது.

ஆக, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, வருடத்துக்கு எவ்வளவு முடியும், எவ்வளவு கடன் வாங்கச் சம்மதம், வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்கத் தயாரா என்று பேசிவிடுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியும். வரம்பு தெரிந்த பிள்ளைதான் தெளிவாகத் தேடும்.

அடுத்தது சான்றிதழ்கள். யாரும் பேசாத விஷயம் இது, கடைசி நேரத்தில் அதிகம் அலைய வைப்பதும் இதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருட மதிப்பெண்களையும் கேட்கும். நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும்தான் பெரிதாக மதிக்கப்படும். ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை அடுத்த வருடமே யாரும் தேட மாட்டார்கள். 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது, அதனால் அந்த வருடத்துக்கும் பள்ளி கொடுக்கும் மதிப்பெண்தான் ஆதாரம். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் பள்ளி முத்திரை, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒன்பதில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தாலும் பயப்பட வேண்டாம், வருடா வருடம் ஏறுமுகமாக இருப்பதை அவர்கள் கவனிப்பார்கள். ஆனால் 'பொதுத்தேர்வு இல்லாத வருடம்தானே' என்று ஒன்பதையும் பதினொன்றையும் விட்டுவிட முடியாது.

பெயரும் இனிஷியலும் இன்னொரு தலைவலி. பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், கொடுக்கப்பட்ட பெயர் என இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் அவளுடைய பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் 'தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தாக வந்து நிற்கும். வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது கூடவே வரும். இனிஷியலை விரித்து, இரண்டு கட்டங்களையும் நிரப்பி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் இது சில நாள் வேலை. பிளஸ் டூவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் குரூப், நீங்கள் நினைப்பதை விடப் பெரிய முடிவு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட படிப்புக்குக் குறிப்பிட்ட பாடங்கள் வேண்டும் என்று கறாராகச் சொல்லும். கேம்பிரிட்ஜிலோ லண்டன் பொருளாதாரப் பள்ளியிலோ பொருளாதாரம் படிக்க வேண்டுமானால் கணிதம் கட்டாயம். நம் ஊரில் பொருளாதாரம், கணக்குப்பதிவியல் மேல் ஆர்வமுள்ள பிள்ளைகள் கணிதம் இல்லாத வணிகவியல் குரூப் எடுத்துக்கொண்டு, நல்ல மதிப்பெண் வாங்கியும், விண்ணப்பிக்கும்போதுதான் கதவு அடைபட்டதைத் தெரிந்துகொள்கிறார்கள். முடிவு செய்ய முடியவில்லை என்றால் கணிதம் இருக்கிற குரூப்பை எடுங்கள். மாநிலப் பாடத்திட்டத்துக்கு சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இயை விடக் கூடுதல் சதவீதம் கேட்பதும் உண்டு. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்தியாவுக்கான பக்கத்திலேயே இது இருக்கும், மகளையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். இதற்காக மட்டும் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வளர்க்க முடியும் என்றால், நான் வாசிப்பைச் சொல்வேன். எஸ்ஏடி இப்போது கணினியில் இரண்டு மணி 14 நிமிடம் நடக்கும் தேர்வு, மொத்தம் 1600 மதிப்பெண். கணிதப் பகுதி நம் பிள்ளைகளுக்குச் சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். ஆங்கில வாசிப்புப் பகுதி வராது. அது சொற்பட்டியலை மனப்பாடம் செய்து தேறும் தேர்வு இல்லை. சின்னப் பத்தி ஒன்றைப் படித்து, எழுதியவர் எதை நிறுவப் பார்க்கிறார், எங்கே சறுக்குகிறார் என்று பிடிக்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரை, அறிவியல் கட்டுரை, வரலாறு, எதுவானாலும் சரி, மூன்று வருடம் படித்த பிள்ளைக்கு அது இயல்பாக வரும். படித்ததைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, தமிழில் தெளிவாக யோசிக்கத் தெரிந்தால் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். மதுரையில் இருக்கிறீர்கள், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே விட்டுவிட்டு மதியம் போய் அழைத்து வாருங்கள். எந்தக் கன்சல்டன்சித் திட்டத்தை விடவும் இது அதிகம் தரும் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

பாடத்துக்கு வெளியே என்ன செய்தாள் என்ற கேள்வியும் வரும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்றாகப் பயன்படும் பொது விண்ணப்பத்தில் ('காமன் ஆப்') பத்து செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள்தான் இடம். இதைப் பார்த்துவிட்டுப் பத்தையும் நிரப்ப வேண்டும் என்று பரதநாட்டியம், அபாகஸ், ரோபாட்டிக்ஸ், கராத்தே, பெயருக்கு ஒரு தொண்டு நிறுவனம் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பணம் கட்டினால் மாணவர் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுத் தரும் திட்டங்களும் வந்துவிட்டன. விண்ணப்பங்களைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் எளிதில் தெரிந்துவிடும், ஆயிரக்கணக்கில் பார்க்கிறவர்கள் அவர்கள். ஆழமாகச் செய்த ஒன்றோ இரண்டோ போதும், அதற்குப் பெரிய செலவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்துக் கண்மாய்க்கு மாதம் இரண்டு முறை போய், வந்திருக்கும் பறவைகளை எண்ணி, ஈபேர்ட் தளத்தில் மூன்று வருடம் பதிவு செய்த பிள்ளையிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். எந்த மாதம் தண்ணீர் வற்றியது, எந்தப் பறவை வராமல் போனது, அதற்கு என்ன காரணம் என்று அவளே யோசித்திருப்பாள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

கணிதத்தில் ஈடுபாடு இருந்தால், சென்னையில் உள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் போட்டியில் தொடங்கி, ஒலிம்பியாடுக்கான முதல் தகுதித் தேர்வான ஐஓக்யூஎம்-வரை போகலாம். ரேங்க் வராவிட்டாலும், அந்தக் கணக்குகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் வீண்போகாது. கேம்பிரிட்ஜ், இம்பீரியல் போன்ற இடங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வுகளில் சோதிக்கப்படுவதே பழக்கமில்லாத கணக்கை அணுகும் அந்தத் திறமைதான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாவட்ட அளவில் ஒருங்கிணைக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையையே ஆய்வாக எடுத்துச் செய்வார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம். சாயங்காலம் அப்பாவின் கடையில் கணக்குப் பார்ப்பது, தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, பாட்டியைக் கவனித்துக்கொள்வது இவையும் சேரும். பொது விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்புகள் என்று தனிப் பிரிவே இருக்கிறது. வெட்கப்பட்டு இதை எழுதாமல் விடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

பிரிட்டனில் இந்தக் கணக்கு வேறு. அங்கே விளையாட்டும் தொண்டும் பெரிதாக எடுபடாது, விண்ணப்பிக்கும் பாடத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன படித்தாய், என்ன யோசித்தாய் என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரே வருடத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போட முடியாது. அந்த இரண்டுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். 2026-இல் சேர்பவர்களிலிருந்து, பழைய நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள்.

ஆசிரியர் பரிந்துரைக் கடிதம்தான் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் அதிகம் இழக்கும் இடம். 'ஒழுக்கமான மாணவி, கீழ்ப்படிதல் உள்ளவர், நல்ல மதிப்பெண் பெறுபவர்' என்று நம் ஆசிரியர்கள் அன்போடுதான் எழுதுகிறார்கள், ஆனால் அந்தக் கடிதம் யாருக்கும் பொருந்தும். வகுப்பில் அவள் கேட்ட ஒரு கேள்வி, தோற்றுப்போன ஒரு சோதனையை அவள் மறுபடி செய்த விதம், இப்படி நடந்ததைச் சொன்னால்தான் பிள்ளை கண்முன் வருவாள். அதை எழுத ஆசிரியர் அவளை உண்மையிலேயே கவனித்திருக்க வேண்டும். பாடம் முடிந்ததும் ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியர் தமிழில் எழுதி, பள்ளி அதன் மொழிபெயர்ப்பை இணைக்கலாம். தலைமை ஆசிரியரிடமும் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்: பள்ளியைப் பற்றிய குறிப்பு, எதிர்பார்க்கும் மதிப்பெண் பற்றிய கடிதம் எல்லாம் அவர்தான் தர வேண்டும், உங்கள் பள்ளிக்கு இது முதல் முறையாகவும் இருக்கலாம்.

இதனால்தான், பெயருக்கு ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு நாள் முழுவதும் கோச்சிங் சென்டரில் உட்கார வைக்கும் ஏற்பாட்டை நான் வேண்டாம் என்பேன். ஜேஇஇயும் வேண்டும், அமெரிக்காவும் வேண்டும் என்று இரண்டையும் முழு வேகத்தில் இழுத்தால் பிள்ளை உடைந்துவிடும். காலண்டரைப் பாருங்கள்: அமெரிக்காவுக்கு முதல் கெடு நவம்பர் தொடக்கம், வழக்கமான கெடு ஜனவரி தொடக்கம். ஜேஇஇ மெயின் ஜனவரியில். செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் பின்னாலேயே வந்து நிற்கும். எஸ்ஏடியைப் பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்த மே, ஜூனில் எழுதிவிட்டால் தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை எழுதலாம். அதற்கு ஆறு மாதப் பயிற்சி தாராளம். கான் அகாடமியிலும் தேர்வு நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியிலும் எல்லாமே இலவசம். கோவிட் காலத்தில் பல இடங்கள் இந்தத் தேர்வைக் கட்டாயமில்லை என்றாக்கின. எம்ஐடி 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது, 2024-இல் ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் போன்றவையும் பின்தொடர்ந்தன. எனவே எழுதுவதாகவே திட்டமிடுங்கள்.

அமெரிக்கப் பொது விண்ணப்பத்துக்கான கட்டுரையை இப்போது தொடவே வேண்டாம். 650 சொல் கட்டுரை பதினேழு வயதில் எழுத வேண்டியது. அப்போதும் அவளே எழுதட்டும். பிறர் எழுதியதையோ செயற்கை நுண்ணறிவு எழுதியதையோ தன்னுடையது என்று கொடுப்பது அந்த விண்ணப்ப விதிகளின்படி மோசடி.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் கிடைக்காமல் போகலாம். நன்றாகத் தயாரான பிள்ளைகளுக்கே அதிகம் மறுக்கப்படும் போட்டி இது. இங்கே அண்ணா பல்கலைக்கழகமோ, ஐஐடியோ, கணிதத்துக்குச் சென்னைக் கணிதக் கழகமோ கிடைத்தால் அதைத் தோல்வி என்று அவள் காதுபட யாரும் சொல்ல விடாதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்கான இந்திய உதவித்தொகைகள், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் திட்டம் உட்பட, பெரும்பாலும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தைக் கட்டி மாதப் பணமும் கொடுக்கும். நடுத்தரக் குடும்பத்துக்கு, கடன் வாங்கி இளங்கலைக்கு அனுப்புவதை விட இந்த வழிதான் நல்லது என்பது என் கருத்து.

அந்தக் கன்சல்டன்சியில் இப்போது சேர வேண்டாம். பல ஏஜென்சிகளுக்கு, மாணவர் சேர்ந்ததும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது. கமிஷன் கொடுக்கிற இடங்களையே அவர்கள் முதலில் காட்டுவார்கள். ஹார்வர்ட், ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இடங்கள் யாருக்கும் கமிஷன் கொடுப்பதில்லை. அமெரிக்கா பற்றிய அடிப்படை விவரங்களுக்கு சென்னையில் உள்ள எஜுகேஷன்யூஎஸ்ஏ மையத்தை அணுகுங்கள், அமெரிக்க அரசின் ஆதரவோடு நடப்பது, இணையவழிக் கூட்டங்களும் நடத்துகிறார்கள். பிளஸ் டூ தொடக்கத்தில் பல்கலைக்கழகப் பட்டியலைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும் என்று தோன்றினால், ஒன்றிரண்டு அமர்வுக்கு மட்டும் பணம் கொடுத்து ஒருவரைப் பார்க்கலாம். இந்த வருடத்துக்கு நூலக அட்டை, முத்திரை வைத்த ரேங்க் கார்டு நகல், பெயர்த் திருத்தம் மூன்றும் போதும்.